தும்பறைப் பாயும் பாரசீகக் குதிரை வீரரும்

கல்லிலே செதுக்கிய வீரன் நெடுங்காலம் நிலைப்பான். நூலிலே இழைத்த வீரன் சில தலைமுறைகளில் மக்கி மறைவான். இவ்வியல்புக்கு விலக்காக அமைந்தது, 1949ஆம் ஆண்டில் அல்த்தாய் மலைநாட்டிலே, பசிரிக் என்னும் இடத்துப் புதைகுழியொன்றில் கிடைத்த கம்பளம். ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கம்பளம், பழம் பாரசீகக் கலையின் சாயலைத் தெளிவாகக் காட்டுவது. அதன் கரையிலே 28 குதிரைகள் தத்தம் வீரருடன் அணிவகுக்கின்றன. உள்வரிசையில் 24 மான்கள் நிற்கின்றன. கள்வர் தோண்டிய வழியே நீர் புகுந்து உறைந்தது. அப்பனிக்கட்டியே கம்பளத்தைக் காத்தது.

நூலிலே உருவம் எழுப்பும் கலை கண்டிச் சீமைக்கும் உரியது. நகருக்குக் கிழக்கேயுள்ள தும்பறைப் பகுதியில், ஹேனவல முதலிய ஊர்களிலே, 'ஹன' என்னும் கற்றாழை இனச் செடியின் மடல்களைச் சுரண்டி நார் எடுக்கின்றனர். மரபு முறையில் பதங்கிக் கட்டை அதற்குச் சிவப்பூட்டும், மரமஞ்சள் மஞ்சளூட்டும். பின்னர் தரையோடு தாழ அமைந்த தறியிலே நெய்கின்றனர். யானை, மான், பறவை, பாம்பு ஆகியன பாயிலே தோன்றுகின்றன. பாரசீகக் கம்பளம் முடிச்சுகளால் ஆனது. தும்பறைப் பாய் ஊடையால் ஆனது. ஆயினும் இரண்டிலும் உருவம் பிறப்பது எண்ணிக்கையாலேயே. ஓர் இழை பிசகினால் மானின் கால் கோணிவிடும். ஆதலால் வளைவுகள் படிப்படியாக ஏறி இறங்குகின்றன. அதுவே அவ்வுருவங்களுக்குத் தனி அழகாகிறது.

இப்பாய்களை நெய்வோர் கின்னர சமூகத்தார். முற்காலச் சமூக அடுக்கு அவர்களை ஒதுக்கிவைத்தது. அவர்தம் கைவண்ணத்தையோ உயர்ந்தோர் இல்லங்கள் விரும்பி ஏற்றன. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலைஞானி ஆனந்த குமாரசுவாமி, கண்டி நாட்டுக் கைவினைகளை ஆராய்ந்து 1908இல் வெளியிட்ட பெருநூலில் நெசவுக் கலைகளுக்கும் உரிய இடமளித்தார். 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் தும்பறைப் பாய்க் கலையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலே சேர்த்தது.

எனினும் பட்டியல் நெய்வதில்லை, கைகளே நெய்கின்றன. மழையும் ஈரமும் மிகுந்த மலைநாட்டிலே நார்ப்பாயைக் காக்கப் பனிக்கட்டி இல்லை. பழைய பாய் மக்குமுன் புதிய பாய் தறியேற வேண்டும். தாய் தந்தையர் அறிந்த இழைக்கணக்கைப் பிள்ளைகள் பயில வேண்டும். அதற்கு அத்தொழில் அவர்களுக்குச் சோறும் மதிப்பும் தருவதாக இருத்தல் வேண்டும். பாயை விலை பேசுவோர், நெய்தவரின் உழைப்பையும் எண்ணிப் பார்த்து விலை கொடுப்பாராயின், தும்பறை மான் இன்னும் பல தலைமுறை துள்ளும்.