எளியவர்களின் வரலாற்றைத் தேடியவர்



நாடலி ஜீமன் டேவிஸ் என்ற வரலாற்றாசிரியரின் வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 1928-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். 2023-ல் டொரன்டோவில் மறைந்தார். 16-ஆம் நூற்றாண்டுப் பிரான்சைப் படித்த அவர், அரசவையை நாடாமல் லியோன் நகரத்து அச்சுத் தொழிலாளர்களை நாடினார். அவர்கள் ஏன் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஏன் புதிதாகப் பரவிய புராட்டஸ்டண்ட் மதத்தின் பக்கம் சாய்ந்தார்கள் என்பவை அவருடைய கேள்விகள்.

1952-ல் லியோன் ஆவணக் காப்பகங்களில் ஆய்வு செய்து திரும்பிய சில காலத்திலேயே அவரது பாஸ்போர்ட்டையும் கணவரின் பாஸ்போர்ட்டையும் அமெரிக்க அரசு பறித்துக்கொண்டது. அது கம்யூனிஸ்ட் வேட்டையின் காலம். கணிதப் பேராசிரியரான கணவர் சாண்ட்லர் டேவிஸ், நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் 1954-ல் வேலையை இழந்தார். பிறகு சிறையும் சென்றார். பிரான்சுக்குப் போக முடியாததால், மூன்று குழந்தைகளை வளர்த்துக்கொண்டே நாடலி டேவிஸ் நியூயார்க் நூலகங்களுக்குப் போனார். அங்கிருந்த 16-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களையே ஆவணங்களாக வாசித்தார். 1959-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னாளில், கொலைக் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு எளிய மக்கள் பிரெஞ்சு அரசருக்குக் கொடுத்த மனுக்களை எடுத்துக்கொண்டார். மனுதாரர் வாய்மொழியாகச் சொல்ல, எழுத்தர் எழுதிய மனுக்கள் அவை. உயிர் தப்ப வேண்டுமென்றால் நடந்ததைக் கேட்பவர் நம்பும்படி சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்முறையில் ஒரு காலத்து மக்களின் நியாயமும் கோபமும் அச்சமும் பதிந்திருப்பதை டேவிஸ் கண்டார். 1987-ல் அது நூலானது.

அவருக்குப் பெரும்புகழ் தந்தது மார்ட்டின் கெர் வழக்கு. பிரான்சின் அர்த்திகா கிராமத்தை விட்டு ஓடிப்போன விவசாயி மார்ட்டின். ஆண்டுகள் கழித்து அவன் பெயரில் வேறொருவன் வந்து அவன் மனைவி பெர்த்ராந்துடன் குடும்பம் நடத்தினான். வழக்கு துலூஸ் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது உண்மையான மார்ட்டின் மரக்காலுடன் வந்து நின்றான். 1560-ல் வேஷக்காரனுக்குத் தூக்கு. இந்தக் கதையின் திரைப்படத்துக்கு டேவிஸ் ஆலோசகராக இருந்தார். ஆனால், 'ஒருவேளை இப்படி நடந்திருக்கலாம்' என்று சொல்லத் திரையில் இடமில்லை என்று உணர்ந்தார். எனவே 1983-ல் நூல் எழுதினார். பெர்த்ராந்து ஏமாந்தவள் அல்ல, தெரிந்தே அந்த வாழ்வை ஏற்றுக்கொண்டவள் என்று வாதிட்டார். சான்று போதாது என்று மறுத்தவருக்கு, ஆய்விதழிலேயே விரிவாகப் பதில் எழுதினார்.

பட்டம் பெறும் நண்பர்களே, எளியவர்மேல் அன்பு மட்டும் இருந்தால் அது ஆய்வாகாது. சான்றின்மேல் மட்டும் கண் இருந்தால் மனிதர் தப்பிப்போவார். டேவிஸ் இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. நாளை நீங்கள் நீதிமன்றத்திலோ மருத்துவமனையிலோ வருவாய் அலுவலகத்திலோ இருப்பீர்கள். எழுதத் தெரியாத ஒருவரின் வாய்மொழியை நீங்கள் எழுத வேண்டிவரும். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். தெரிந்ததைத் துணிந்து சொல்லுங்கள். ஊகத்தை ஊகம் என்றே சொல்லுங்கள். ஒரு வழியை யாராவது அடைத்தால், கையில் இருப்பதைக் கொண்டு வேலையைத் தொடருங்கள். படித்தவரிடம் சமூகம் எதிர்பார்க்கும் நேர்மை இதுதான்.