அடுக்குச் சலவை இயந்திரம் நின்றுவிட்டால்



குழாயடியிலே கல்லில் அடித்துத் துவைத்து, லயத்து வாசலில் கொடி கட்டிக் காயப்போட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இன்று நம் பிள்ளைகள் பலர் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். அங்கே கொடி கட்ட முற்றம் கிடையாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிற வட்டாரம் அது. ஆகவே துவைக்கும் இயந்திரத்தைக் கீழேயும், துணி உலர்த்தும் இயந்திரத்தை அதன் தலைமேலும் அடுக்கி, ஒருவர் நிற்கும் இடத்துக்குள் சலவை வேலை முழுவதையும் முடித்துக்கொள்கிறார்கள். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகப் போகும் தாய்மார்களும் இந்த இயந்திரத்தோடு பழக வேண்டியிருக்கிறது.

இது திடீரென்று நின்றுவிட்டால் என்ன செய்வது? பழுது பார்ப்பவரை அழைத்தால், வந்து எட்டிப் பார்ப்பதற்கே கூலி கேட்பார். அவர் செய்தது ஒரு வடிகட்டியைக் கழுவியது மட்டுமே என்றால், உழைத்துச் சேர்த்த வெள்ளி வீணாகிறதல்லவா? அதற்காகத் தெரியாத இடத்தில் கை வைத்தால், உயிருக்கே ஆபத்து வரலாம். எதை நாமே பார்க்கலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதைத்தான் இன்று காணப்போகிறோம்.

அடுக்கி வைத்திருந்தாலும் இவை இரண்டு இயந்திரங்கள். கீழே உள்ளது தண்ணீரால் வேலை செய்வது. மேலே உள்ளது சூடான காற்றால் வேலை செய்வது. இரண்டையும் இயக்குவது மின்சாரம். ஆகவே நீர், காற்று, மின்சாரம் என்ற மூன்று வழிகளில் எது அடைபட்டது என்று வரிசையாகப் பார்த்து வந்தால், குறை பெரும்பாலும் அகப்பட்டுவிடும். எதைத் தொடுவதற்கு முன்பும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடிவிட வேண்டும். ஈரக்கையோடு பிளக்கைத் தொடக்கூடாது.

முதலில் நீர் வழி. இயந்திரம் ஓடத் தொடங்கியும் தண்ணீர் ஏறவில்லை என்றால், குழாய் திறந்திருக்கிறதா, பின்புற ரப்பர் குழாய் சுவரோடு நசுங்கி மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, அந்த ரப்பர் குழாய் இயந்திரத்தில் சேருமிடத்தில் இருக்கும் சிறு வலை வடிகட்டி. கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆற்று நீர் மாசுபட்டதால் சிலாங்கூரில் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. இப்படி நின்ற தண்ணீர் திரும்பி வரும்போது, குழாய்களில் படிந்திருந்த வண்டலையும் துருவையும் அடித்துக்கொண்டு வரும். அது இந்த வலையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீர்த் தடை நீங்கியதும் முதலில் குழாயைத் திறந்து, கலங்கல் தெளியும் வரை வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகே இயந்திரத்தை ஓட்டுங்கள். வலை அடைத்திருந்தால் மெல்லக் கழற்றி, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டினால் போதும்.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தும் தொட்டி நிரம்பவில்லையா? கழிவுநீர் போகும் குழாயின் வாய் தரையில் கிடக்கிறதா என்று பாருங்கள். தரையில் கிடந்தால், ஏற ஏறத் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். இயந்திரத்தோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் உயரத்துக்கு அதைத் தூக்கிக் கட்ட வேண்டும்.

துவைத்து முடித்தும் தண்ணீர் வெளியேறவில்லை என்றால், முன்பக்க அடிப்பகுதியில் உள்ள சிறு கதவைத் திறந்தால் அங்கே ஒரு வடிகட்டி இருக்கும். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை பொறுத்திருங்கள். தட்டையான பாத்திரமும் பழந்துணியும் வைத்துக்கொண்டு, மூடியைச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். பத்துக்காசு, ஊக்கு, கொண்டை ஊசி, குழந்தையின் காலுறை, சட்டைப்பையில் கிடந்த ரப்பர் விதை என்று பலதும் வெளியே வரும். துணி போடுமுன் பைகளைத் தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சவர்க்காரத் தூளும் அளவாக இருக்கட்டும். முன்பக்கம் கதவு வைத்த இயந்திரத்துக்கு நுரை குறைந்த தூளே ஏற்றது. நுரை மிகுந்தால் தண்ணீர் வடிவது தடைப்படும், துணியும் சரியாக அலசப்படாது.

இயந்திரம் அதிர்ந்து குதிக்கிறதா? ஒரே ஒரு கனத்த போர்வையைத் தனியே போட்டால் அது ஒரு பக்கமாய்ச் சுருண்டு, சுழலும்போது ஆட்டம் காட்டும். வேறு சில துணிகளையும் கூடப் போட்டால் சமன்படும். நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். புது இயந்திரம் முதல் நாளே குதித்தால், வண்டியில் ஏற்றும்போது உள்தொட்டி ஆடாமலிருக்கப் பின்பக்கம் முடுக்கிய ஆணிகளைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள். அடுக்கிய இயந்திரத்துக்கு ஆட்டம் மிகவும் ஆபத்தானது. தலைக்கு மேலே இருக்கும் உலர்த்தி, அதற்கென்றே செய்த இணைப்புச் சட்டத்தில் பிணைத்திருக்க வேண்டும். பலகையோ ரப்பர் விரிப்போ அதற்கு ஈடாகாது. சட்டம் தளர்ந்திருந்தால் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். தனியொருவராக மேலதைத் தூக்கி இறக்க முயல வேண்டாம்.

அடுத்தது காற்று வழி. உலர்த்தி நெடுநேரம் ஓடியும் துணி ஈரமாகவே இருந்தால், முதலில் கீழே உள்ள இயந்திரம் தண்ணீரை நன்றாகப் பிழிந்ததா என்று பாருங்கள். சொட்டச் சொட்ட எடுத்துப் போட்டால் எந்த உலர்த்தியாலும் ஆகாது. பிறகு கதவு வாயில் உள்ள வடிகட்டியைப் பாருங்கள். துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசு அதில் மெத்தைபோலப் படிந்திருக்கும். ஒவ்வொரு முறை உலர்த்திய பின்னும் அதை எடுத்துவிட வேண்டும். ஈரக்காற்றை வெளியே தள்ளும் வகையானால், அந்தக் குழாய் நசுங்காமல் வெளிப்புறத்துக்குத் திறந்திருக்க வேண்டும். ஈரத்தைத் தண்ணீராக்கிச் சேர்க்கும் வகையானால், அந்தத் தண்ணீர்ப் பெட்டி நிறைந்ததும் இயந்திரம் தானே நின்றுவிடும். பெட்டியைக் கொட்டிவிட்டு மாட்டினால் மறுபடி ஓடும்.

பஞ்சுத் தூசைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தூசு, விளக்குத் திரிக்குச் சமம். அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை வீட்டு உலர்த்திகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 தீ விபத்துகள் நேர்ந்தன என்று அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. சுத்தம் செய்யாமல் விட்டதே அவற்றுக்கு முதற்காரணம் என்றும் கூறியது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில், 18 மாடிக் கட்டடம் ஒன்றில், குறையுள்ள ஓர் உலர்த்தியில் பிடித்த தீ மேல்மாடிகளுக்கும் பரவியது. அடுக்குமாடியில் ஒரு வீட்டுத் தீ அந்த வீட்டோடு நிற்பதில்லை. ஆகவே உலர்த்தியை ஓடவிட்டு வெளியே போவதும் உறங்கப் போவதும் கூடாது.

தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பின் தலை துவட்டிய துண்டையும், செம்பனை ஆலையில் எண்ணெய் படிந்த சட்டையையும் உலர்த்தியில் போடவே கூடாது. துவைத்தாலும் எண்ணெய் முழுவதும் போவதில்லை. சூடேறிய எண்ணெய்த் துணியைக் குவித்து வைத்தால் உள்ளுக்குள்ளே வெப்பம் பெருகித் தானாகவே பற்றிக்கொள்ளக் கூடும். பெட்ரோல் பட்ட துணியும், ரப்பர் பால் தோய்ந்த துணியும் அப்படியே விலக்க வேண்டியவை. அவற்றைச் சன்னலோரம் காற்றில் உலர்த்துங்கள்.

மூன்றாவது மின்சார வழி. இதில் ஒரு சிறு கணக்கு உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கட்டும். உலர்த்திக்கு 2,000 வாட், வெந்நீர் காய்ச்சித் துவைக்கும் இயந்திரத்துக்கு 2,000 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000. நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 4,000ஐ 230ஆல் வகுத்தால் 17 ஆம்பியருக்கு மேல் வருகிறது. ஆனால் மூன்று முனைப் பிளக் தாங்குவது 13 ஆம்பியர் மட்டுமே. இரண்டையும் ஒரே நீட்டுக் கம்பியில் மாட்டினால் என்ன ஆகும்? ஃபியூஸ் உடனே போய்க் காப்பாற்றிவிடும் என்று நம்ப வேண்டாம். அதற்கு முன்பே கம்பி சூடேறி உருகலாம். ஆகவே சுவரில் ஆளுக்கொரு மின்வாய் இருக்க வேண்டும்.

இயந்திரத்தைப் போட்டதும் வீட்டு மின்சாரமே துண்டிக்கப்பட்டால், அது மின்கசிவின் எச்சரிக்கையாக இருக்கலாம். திரும்பத் திரும்பச் சுவிட்சைத் தூக்கிவிடாதீர்கள். தொட்டால் சுரீர் என்றாலும், கருகிய வாடை வந்தாலும், பிளக் சூடானாலும் நம் வேலை அத்தோடு முடிந்தது. மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சில் நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டியதுதான்.

பழுது பார்ப்பவரை அழைக்கும்போது, இயந்திரத்தின் மாதிரி எண்ணையும், முகப்பில் தோன்றும் எழுத்தையும் எண்ணையும் தாளில் குறித்துச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றது, எவற்றைப் பார்த்துவிட்டோம் என்பதையும் சொல்லுங்கள். விவரம் தெரிந்த வீடு என்று கண்டால் அவரும் வேண்டாத வேலையைச் சொல்லமாட்டார்.

கடைசியாக ஒன்று. குழந்தைகளுக்கு அந்த வட்டக் கதவு ஒளிந்து விளையாடும் குகைபோலத் தோன்றும். உள்ளே போனால் மூச்சு முட்டிவிடும். ஈரவாடை போகக் கதவைத் திறந்து வைப்பது நல்லதே. ஆனால் வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் அந்த அறையைச் சாத்தி வையுங்கள். ஓட்டுமுன் உள்ளே ஒருமுறை பாருங்கள்.

நீர் வழியையும் காற்று வழியையும் நாமே பார்க்கலாம். மின்சார வழியில் பிளக்கைப் பிடுங்குவதோடு நின்றுகொள்ள வேண்டும். இந்த எல்லையை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டால், கைப்பொருளும் மிஞ்சும், குடும்பமும் பத்திரமாக இருக்கும்.