ஏரியும் கணக்கும்

(உத்திரமேரூர் வட்டார வளர்ச்சி அலுவலர், பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே நிகழ்த்திய உரை)



பாலாறும் செய்யாறும் பாயும் நாடு நம்முடையது. ஆயினும் ஆற்றில் நீர் ஓடும் நாட்கள் சிலவே. ஆண்டு முழுவதும் நம்மைக் காப்பவை ஏரிகளே. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் பெற்றிருந்த இவ்வூரின் பேரேரிக்குப் பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் என்று பெயரிட்டனர்.

அந்த ஏரியைக் காத்தவர் யார்? ஊராரே. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வகுத்த விதிகள் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரி வாரியத்திற்கு அறுவர். பதவிக் காலம் 360 நாட்கள்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் அப்பதவிக்கு வர இயலாது. அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கையில் வேறோர் ஓலை மறைந்திருக்கலாகாது என்பதே கருத்து.

இதில் குறையும் உண்டு. நிலமும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவருக்கே அங்கு இடம். உழுதவருக்கும் பெண்டிருக்கும் இல்லை. அக்குறையை நம் குடியரசு நீக்கியது. இன்று 18 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை உண்டு. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்குரியவை.

உரிமை விரிந்தது, கடமையும் அவ்வாறே விரிய வேண்டாமா? 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. வரத்துக்கால் அடைபட்டால் கடைமடை வயல் காயும். கரை பலவீனமானால் ஒரு மழையில் விளைச்சல் அனைத்தும் போகும். பணி நடந்ததா, பணம் எவ்வளவு செலவாயிற்று என்பதை அறியும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது.

ஆகவே உறுப்பினர்களை வேண்டுகிறோம்: கேட்பதற்கு முன்னரே கணக்கை வாசித்துக் காட்டுங்கள். உழவர்களை வேண்டுகிறோம்: மழைக்கு முன் மதகையும் கலங்கலையும் நேரிற் பாருங்கள், கண்ட குறையைச் சபையில் கூறித் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். கணக்கு ஒழுங்காயிருந்தால் கரையும் ஒழுங்காயிருக்கும்.