இறைச்சியும் பருவநிலையும்: செய்திக்குள் இருக்கும் கணக்கு
(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா விருந்தில் அசைவம் கூடாது என்று ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. சொல்லப்படும் காரணம், "இறைச்சி சாப்பிடுவதால் பூமி சூடாகிறது" என்ற செய்தி. நான் வங்கியில் பேரேடு பார்த்தவன். அந்தச் செய்தியின் கணக்கை மட்டும் பேசுகிறேன்.

2006இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, மனிதர்களால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களில் 18 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது, இது போக்குவரத்தைவிட அதிகம் என்றது. பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. ஆனால் கால்நடைக் கணக்கில் தீவனம் விளைவிப்பது, அதற்காகக் காடழிப்பது எல்லாம் சேர்ந்திருந்தன. போக்குவரத்துக் கணக்கில் வண்டிகள் எரிக்கும் எரிபொருள் மட்டுமே இருந்தது. ஒரு பக்கம் முழுச் செலவு, மறுபக்கம் டீசல் பில் மட்டும்! ஒப்பீடு சரியில்லை என்பதை அறிக்கை எழுதியவர்களில் ஒருவரே 2010இல் ஒப்புக்கொண்டார். கணக்கிடும் முறை மாறியபின், அதே அமைப்பு 2013இல் 14.5 சதவீதம் என்றது. 2023இல் 12 என்றது. நமக்கு வாட்ஸ்அப்பில் வருவது இன்னும் அந்தப் பழைய 18தான்.

அதனால் செய்தியே பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. 12 சதவீதம் சின்னத் தொகை அல்ல. மாடு அசைபோடும்போது மீத்தேன் வெளியாகிறது. ஆகவே மாட்டிறைச்சியின் பங்கு கோழியைவிடப் பல மடங்கு அதிகம். தலைப்புச் செய்தியில் இரண்டும் "இறைச்சி" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இன்னொன்றும் விடுபடுகிறது. அந்த 12 சதவீதத்தில் பாலும் சேர்த்திதான். 2019 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாடும் எருமையும் சுமார் 30 கோடி. பெரும்பாலும் பாலுக்காக வளர்க்கப்படுபவை. காப்பி நம் மலையில் விளைந்ததாக இருக்கலாம். அதில் ஊற்றும் பாலுக்கும் கணக்கு உண்டு. சைவர்களும் பற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

வீணாகும் உணவின் பங்கு 8 முதல் 10 சதவீதம் என்று 2019இல் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு சொன்னது. இதில் சாம்பாரும் உண்டு, பிரியாணியும் உண்டு.

ஆகவே என் வேண்டுகோள்: விருந்தில் என்ன சமைப்பது என்பதை விருப்பம் கேட்டு முடிவு செய்யுங்கள். பூமியைச் சாட்சிக்கு இழுத்துப் பக்கத்து வீட்டுக்காரரின் இலையைத் தீர்மானிக்க வேண்டாம். பூமிக்கு ஏதாவது செய்ய வேண்டுமானால், ஆள் எண்ணிக்கை கேட்டுச் சமைப்போம். மிஞ்சுவதைக் குப்பையில் கொட்டாமல் உரமாக்குவோம்.