வாவியின் மட்டம் அறியும் ஒளிக்கோல்

மட்டக்களப்பு வாவி என்றதும் பாடும் மீன்களை நினையாதவர் இல்லை. நிலா நாளிலே கல்லடிப் பாலத்தின் அருகே தோணியில் சென்று, துடுப்பை நீரில் ஆழ்த்தி, அதன் மறுமுனையிற் காதை வைத்து இசை கேட்கும் வழக்கம் பழமையானது. ஆனால், மார்கழி மழை இடைவிடாது கொட்டும் இரவுகளில் வாவிக்கரை மக்கள் செவி சாய்ப்பது இசைக்கு அன்று. “தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது?” என்ற ஒரே கேள்விக்கு விடை தேடியே அவர்கள் விழித்திருப்பர்.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கடலை அடுத்த எழுவான்கரையில் மீன்பிடியும், வயல் விரிந்த படுவான்கரையில் வெள்ளாமையும் சிறந்து விளங்குவன. உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களைத் தாண்டி வரும் வெள்ளமும் இவ்வாவியையே சேர்கின்றது. கோடையிலோ, முகத்துவாரத்தை மணல் மேடு அடைத்துவிடும். மாரியில் நீர் பெருகும்போது அம்மேட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிட வேண்டும். வெட்டப் பிந்தினால் பெரும்போகப் பயிர் நீரில் அழுகும். தாழ்ந்த குடிமனைகள் மூழ்கும். அவசரப்பட்டு வெட்டினால் வாவி வற்றி, உப்பு நீர் உட்புகும். மீனும் இறாலும் வளரும் நிலை மாறும். 1957ஆம் ஆண்டு வெள்ளத்தையும் 2011ஆம் ஆண்டு தை மாத வெள்ளத்தையும் அறிந்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும். ஒரு சாண் நீர் இங்கே சிறிய அளவு அன்று.

நீர்மட்டத்தை அறியப் பாலத்தூணில் அளவுகோல் பதித்து, வேளைதோறும் ஒருவர் சென்று பார்த்துக் குறிப்பது நெடுங்கால முறை. எளிய முறை, நம்பத் தகுந்த முறை. ஆயினும் நள்ளிரவிற் புயல் வீசும்போது கோலைப் பார்ப்பவர் யார்? இக்குறையைப் போக்க வல்லவற்றுள் ஒன்று, தொழிற்சாலைகளிற் பயன்படும் லேசர் தூரமானி.

1960ஆம் ஆண்டு தியடோர் மைமான் என்னும் அமெரிக்க விஞ்ஞானி முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். தூரமானி அவ்வொளியை ஊசி முனைபோல் நேராக அனுப்புகின்றது. அது பொருளிற் பட்டு மீளும் காலத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றது. ஒளி நான்கு மீற்றர் சென்று திரும்ப, ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ 27 கூறே ஆகும். இத்துணை நுண்ணிய காலத்தை அளக்கும் கருவிக்கும், எதை அளக்கிறோம் என்பதை மனிதனே கற்பிக்க வேண்டும்.

முதலாவது, இலக்கு. தெளிந்த நீரில் ஒளியின் ஒரு பகுதி ஊடுருவிப் போய்விடும். மற்றது கண்ணாடியிற் பட்டதுபோல் வேறு திசைக்குத் தெறிக்கும். ஆதலால் கரையோரம் செங்குத்தான குழாய் ஒன்றை நாட்டி, அதன் அடிப்புறத்திற் சிறு துளையால் வாவி நீரை உள்ளே விட்டு, வெண்ணிற மிதவைத் தட்டு ஒன்றை மிதக்க விடுவர். ஒளி அத்தட்டிற் படும். திறந்த நீர்ப்பரப்பை நேரே அளக்க வேண்டுமாயின் ராடர் கருவியே பொருத்தம்.

இரண்டாவது, அளவின் எல்லைகள். அளவுகோலின் பூச்சியத்துக்கு நான்கு மீற்றர் மேலே, மிதவைத் தட்டின் தடிப்பையும் கணக்கிற் சேர்த்து, கருவி பொருத்தப்பட்டதாகக் கொள்வோம். நீர் பூச்சியத்தில் நிற்கும்போது தூரம் நான்கு மீற்றர். நீர் இரண்டு மீற்றர் உயர்ந்தால் தூரமும் இரண்டே மீற்றர். கருவி தான் கண்டதை மின்னோட்டமாகக் கம்பியில் அனுப்பும். நான்கு மீற்றருக்கு 4 மில்லி அம்பியர் எனவும், இரண்டு மீற்றருக்கு 20 மில்லி அம்பியர் எனவும் அமைத்துவிட்டால், 12 மில்லி அம்பியர் வரும்போது நீர் ஒரு மீற்றர் உயர்ந்துள்ளது என்று அறியலாம். இவ்விரு எல்லைகளையும் மாறி அமைத்தால் விளைவு விபரீதம்: வெள்ளம் ஏற ஏற, அலுவலகத்துப் பதிவோ நீர் வடிகின்றது என்று சொல்லும்!

பூச்சியத்துக்கு ஏன் 4 மில்லி அம்பியர்? அதிலே ஒரு நுட்பம் உண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் முற்றாக நின்றுவிடும். அப்போது “நீர் இல்லை” என்று மயங்காமல், “கருவி பழுது” என்று தெளியலாம். மௌனத்தையும் செய்தியையும் பிரித்தறியும் ஏற்பாடு இது.

மூன்றாவது, அபாய அறிவிப்பு. உதாரணமாக, 1.20 மீற்றரில் மணி ஒலிக்குமாறு ஆளியை அமைக்கலாம். ஆனால் அதே மட்டத்தில் மணி ஓயவும் அமைத்தால், சிற்றலை எழுந்து விழும்போதெல்லாம் அது ஒலிப்பதும் ஓய்வதுமாக இருக்கும். ஓயாது பொய்யுரைக்கும் மணியை எவரும் மதியார். ஆகவே நீர் 1.10 மீற்றருக்குக் கீழே இறங்கிய பின்னரே மணி ஓயுமாறு இடைவெளி விட வேண்டும். பல அளவுகளைக் கூட்டிச் சராசரி காணும் அமைப்பும் அலையின் ஆட்டத்தை அடக்கும். மின்சாரம் தடைப்பட்டால் அதுவே அறிவிப்பாகும்படி ஆளியை அமைப்பதும் நன்று.

இவ்வளவும் செய்த பின்னரும் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். சிலந்தி ஒளிவாயிலில் வலை பின்னும். குழாயின் துளையைச் சேறு அடைக்கும். துளை அடைபட்டால் வெளியே வெள்ளம் உயர, உள்ளே மிதவை அசையாது நிற்கும். கருவியும் அசையாத எண்ணையே உறுதியாக உரைக்கும். எனவே பழைய அளவுகோலைப் பிடுங்கி எறியலாகாது. அமைதியான நாளொன்றில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே கருவிக்குச் செய்யும் சரியான பரீட்சை.

முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதைக் கருவி தீர்மானிக்காது. வெள்ளாமைக்காரரும் மீன்பிடிப்போரும் அதிகாரிகளும் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டியது அது. ஆனால், இரு கரையாரும் ஒப்புக்கொள்ளும் ஓர் எண் நடுவே இருந்தால் வாதம் குறையும், காலமும் வீணாகாது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நீர்மட்டம் ஒன்றே அல்லவா?