கேட்டது கிடைத்தது, கிணறு வற்றியது!

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கூட்டம் என்றால் கிடைக்காததைப் பற்றிப் பேசுவதுதான் நமக்குப் பழக்கம். கூலி உயரவில்லை, பஞ்சப்படி வரவில்லை, பட்டா தரவில்லை என்று பேசுகிறோம். அது நியாயமான பேச்சு. ஆனால் இன்றைக்கு நான் பேச வந்திருப்பது கிடைத்துவிட்ட ஒன்றைப் பற்றி.

கொங்குச் சீமை விவசாயிகள் பல்லாண்டு காலம் ஒன்றைக் கேட்டார்கள். மனுக் கொடுத்தார்கள், போராடினார்கள், உயிரையும் கொடுத்தார்கள். கேட்டது கிடைத்தது. கிணற்றுக்குக் கரண்டு வந்தது. பிறகு அந்தக் கரண்டு இலவசமாகவும் வந்தது. ஆனால் அதற்குள் ஊருக்கு ஊர் கிணறு வற்றிக்கொண்டு வந்தது!

இது எப்படி நேர்ந்தது? விதி என்று சொல்லிவிட்டுப் போகலாமா? கூடாது. மனிதர்கள் செய்த காரியத்துக்கு மனிதர்களிடத்தில்தான் காரணம் இருக்கும்.

மாடும் மனிதனும் இறைத்த காலம்

இங்கே இருக்கிற பெரியவர்களில் சிலர் கவலை ஓட்டியிருப்பார்கள். இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை. அதில் ஒரு ஜோடி மாடு. மாட்டின் நுகத்தடியில் கட்டிய வடத்தின் மறுமுனையில் தண்ணீர்ச் சால். மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். மாடு பின்னுக்கு ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். கோழி கூவுமுன் தொடங்கிப் பொழுது சாயும் வரையில் இதே வேலை. நாள் முழுக்க இறைத்தாலும் ஒரு ஏக்கர் நனைவது கஷ்டம். மாட்டுக்குக் கழுத்துப் புண். ஓட்டுகிற பண்ணையாளுக்கு இடுப்பு ஒடியும்.

இந்தக் கஷ்டம் ஒழிய வேண்டும் என்று கேட்டது தவறா? ஒருகாலும் இல்லை.

1932ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. கோவையில் மில்லுக்கு மேல் மில் எழுந்தது. மில்லுக்கு வந்த அதே கம்பி கிணற்று மேட்டுக்கும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமம் கிராமமாகக் கம்பி இழுத்தார்கள். கோவைப் பட்டறைகளிலேயே மோட்டாரும் பம்பும் தயாராயின. பம்புத் தண்ணீரில் பருத்தி விளைந்தது. அந்தப் பருத்தி மில்லுக்குப் போய் நூலாயிற்று. ஆகவே, மில் தொழிலாளித் தோழர்களே, இந்தக் கிணற்றுக் கதை உங்கள் கதையும்தான்.

கரண்டு வந்ததால் நன்மை விளைந்தது. ஒரு போகம் இரண்டு போகமாயிற்று. சோளமும் கம்பும் விளைந்த இடத்தில் கரும்பும் வாழையும் மஞ்சளும் வந்தன. களையெடுப்பு, அறுவடை என்று நம் ஜனங்களுக்கு வேலை நாட்களும் கூடின. இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல.

ஆனால் ஒரு விஷயத்தை அன்றைக்கு ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். இறைப்பு நின்றால் இரவெல்லாம் ஊற்று ஊறும். மாட்டின் களைப்புதான் கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டாருக்குக் களைப்பு ஏது?

பாறைக்கு அடியில் என்ன இருக்கிறது?

நம் சீமையின் பூமி கரும்பாறை பூமி. மேலே கொஞ்சம் மண். அதன்கீழ் உதிர்ந்த பாறை. அதற்கும் கீழே கெட்டிப் பாறை, அதில் அங்கங்கே வெடிப்பு. மழைத்தண்ணீர் பெரும்பாலும் மேலடுக்கில்தான் தங்கும். கீழே வெடிப்புகளில் இருப்பது கொஞ்சம். அது சேர்வதற்கும் வெகுகாலம் ஆகும்.

மில் தொழிலாளிக்குப் புரிகிற விதமாகச் சொல்கிறேன். வருஷா வருஷம் பெய்கிற மழை மாதச் சம்பளம் போல. ஆழத்தில் கிடக்கிற தண்ணீர் பிராவிடண்டு பண்டு போல. சம்பளத்துக்குள் செலவு செய்தால் குடும்பம் ஓடும். தினந்தோறும் பண்டிலிருந்து எடுத்துத் தின்றால்? சில காலம் பணக்காரன் போல வாழலாம். பிறகு ஒருநாள் கணக்கு முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

போராடிப் பெற்ற வெற்றி

விளைச்சலுக்குக் கட்டுபடியான விலை கிடைக்கவில்லை. உரம் ஏறியது, வட்டி ஏறியது, கரண்டுக் கட்டணமும் ஏறியது. விவசாயி கொதித்தான். யூனிட்டுக்குச் சில பைசா உயர்வை எதிர்த்து 1970ல் கோவை மாவட்டத்தில் பெரும் கிளர்ச்சி நடந்தது. பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. விவசாயிகள் செத்து விழுந்தார்கள். 1972ல் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தின் தெருக்களை அடைத்தார்கள். அந்த வருஷமும் துப்பாக்கிச் சூடு, அந்த வருஷமும் சாவு.

போராட்டம் வீண் போகவில்லை. 1984ல் சிறு விவசாயிகளுக்குக் கரண்டு இலவசமாயிற்று. 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாயிற்று.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். யார் எவ்வளவு இறைத்தார் என்ற கணக்கு போயிற்று. கரண்டு சில மணி நேரம்தான் வரும்; எப்போது வரும் என்று தெரியாது. ஆகவே தானாக ஓடுகிற ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் தூங்கினார்கள். நடுநிசியில் கரண்டு வந்தால் மோட்டார் ஓடும். பாத்தி நிரம்பி வழிந்தாலும் ஓடும். அவனைக் குறை சொல்ல முடியுமா? நான் இறைக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரன் இறைத்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். பூமிக்கு மேலேதான் வேலி. அடியில் ஒரே தண்ணீர்.

கிணறு இறங்கிற்று. 40 அடிக் கிணற்றை 80 அடியாக வெட்டினார்கள். பிறகு கிணற்றுக்குள்ளேயே துளை போட்டார்கள். பிறகு ரிக் வண்டி வந்தது. 300 அடி, 500 அடி, 1,000 அடி என்று போர் போட்டார்கள். 30 அடியிலிருந்து தூக்கிய தண்ணீரை 300 அடியிலிருந்து தூக்கப் பத்து மடங்கு சக்தி வேண்டும். மோட்டார் பெரிசாயிற்று. எல்லா மோட்டாரும் சேர்ந்து இழுத்ததில் வோல்டேஜ் படுத்தது, காயில் எரிந்தது. கரண்டு இலவசம்தான். ஆனால் போருக்கு அடிக் கணக்கில் கூலி, பைப்பு விலை, மோட்டார் விலை, காயில் கட்டுகிற செலவு. தண்ணீர் வராத போருக்கும் ரிக் வண்டிக்காரருக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனை குடும்பங்களின் நகை அந்தத் துளைகளுக்குள் போய்விட்டது!

யாருக்கு எவ்வளவு?

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவருக்கு 20 ஏக்கர், இரண்டு போர், பத்துக் குதிரைச் சக்தி மோட்டார் இரண்டு. இன்னொருவருக்கு 2 ஏக்கர். ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று. மூன்றாமவர் கூலிக்காரர், நிலமும் இல்லை, கிணறும் இல்லை. சர்க்கார் மூவரையும் ஒன்றாகப் பார்த்து இலவசம் என்று சொல்கிறது. முதலாமவருக்கு 20 குதிரைச் சக்திக்கு இலவசம், இரண்டாமவருக்கு ஐந்துக்கு, மூன்றாமவருக்குப் பூஜ்யம்.

இதோடு நிற்கவில்லை. முதலாமவரின் 1,000 அடிப் போர் ஓடுகிறபோது இரண்டாமவரின் 80 அடிக் கிணறு காய்கிறது. யார் பெயரைச் சொல்லிக் கோரிக்கை எழுந்ததோ, அந்தச் சிறு விவசாயி கையில் இலவசக் கரண்டு இருக்கிறது. இறைக்கத் தண்ணீர் இல்லை.

மூன்றாமவருக்கு என்ன ஆயிற்று? காலனியின் குடிதண்ணீர்க் கிணறு ஆழமில்லாத கிணறு. அதுதான் முதலில் வற்றுகிறது. தோட்டத்தில் வெள்ளாமை குறைந்தால் களையெடுப்பு இல்லை, அறுப்பு இல்லை. தண்ணீர் போதாத தோட்டக்காரர் தென்னையை வைத்துச் சொட்டு நீர்க் குழாயைப் போட்டுவிடுகிறார். பத்துப் பெண்கள் வேலை செய்த இடத்தில் ஒரு காவல்காரர் போதும். வேலை இழந்த பெண்ணும் கிணறு வற்றிய சிறு விவசாயியின் மகனும் எங்கே போவார்கள்? மில் கேட்டுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். கிடைத்த கூலிக்கு நிற்கிறார்கள். காண்டிராக்ட் ஆள் மலிவாகக் கிடைப்பதற்கு, வற்றிய கிணறும் ஒரு காரணம் என்பதை மில் தொழிலாளி மறக்கக் கூடாது.

2017ல் நடந்த மதிப்பீட்டில், தமிழ்நாட்டின் 1,166 பிர்க்காக்களில் 462 பிர்க்காக்கள் ஊறுவதைவிட அதிகமாக இறைப்பவை என்று கண்டார்கள். நம் பக்கத்துப் பிர்க்காக்கள் பல அதில் அடக்கம்.

கேட்டது தவறா?

இதைக் கேட்டுவிட்டுச் சில கனவான்கள் சொல்வார்கள்: “இலவசம் கேட்டதனால்தான் இந்தக் கேடு, மீட்டரைப் போடு, காசை வாங்கு, எல்லாம் சரியாகிவிடும்.” கட்டணத்தைக் கூட்டினால் யார் மோட்டார் முதலில் நிற்கும்? 2 ஏக்கர்க்காரர் மோட்டார். 20 ஏக்கர்க்காரர் கட்டணத்தைக் கட்டிவிட்டு இறைப்பார். தண்ணீரை லாரிக்கு விற்றும் காசாக்குவார்.

கேட்டது தவறல்ல. பாதியைக் கேட்டோம், அதுதான் குறை. கரண்டைக் கேட்டோம், தண்ணீரைக் கேட்கவில்லை. தண்ணீர் யாருடையது, எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு என்று கேட்கவில்லை. வெள்ளைக்காரன் 1882ல் போட்ட சட்டம், தன் நிலத்துக்கு அடியிலுள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ள நிலக்காரனுக்கு உரிமை தந்தது. நிலம் உள்ளவனுக்கே தண்ணீர். ஆழத் துளைப்பவனுக்கே அதிகத் தண்ணீர். இந்த ஏற்பாட்டைத் தொடாமல் கரண்டை மட்டும் கொடுத்தால் அது யாருக்குப் பலம் சேர்க்கும்? ஏற்கெனவே பலம் உள்ளவனுக்குத்தான்!

தமிழ்நாட்டில் 2003ல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். அது அமலுக்கே வரவில்லை. 2013ல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள். அந்தச் சட்டம் வேண்டும் என்றோ, வேறு நல்ல சட்டம் வேண்டும் என்றோ எத்தனை ஊர்வலம் போயிற்று?

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்று ஒரு கிராமம். நம் பக்கத்தைவிட மழை குறைந்த ஊர். அந்த ஊரார் பாசனத்துக்குப் போர் போடுவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். மலைச்சரிவில் வரப்பும் வாய்க்காலும் வெட்டி மழையைத் தேக்கினார்கள். வருஷா வருஷம் மழையை அளந்து, குடிக்க இவ்வளவு, கால்நடைக்கு இவ்வளவு, பயிருக்கு இவ்வளவு என்று ஊர்க் கூட்டத்தில் கணக்குப் போடுகிறார்கள். மழை குறைந்த வருஷத்தில் தண்ணீர் குடிக்கும் பயிரை விட்டுவிடுகிறார்கள். முன்பு பிழைப்புத் தேடிப் போனவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். அங்கேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள், தோழர்களே!

இப்போது கையில் இருக்கும் வெற்றி

இந்தப் பழங்கதையை ஏன் இன்றைக்குச் சொல்கிறேன்? நம் பக்கத்தில் இன்னொரு கோரிக்கை இப்போதுதான் வென்றிருக்கிறது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். அறுபது ஆண்டுக் கோரிக்கை. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்தார்கள். பவானி ஆற்றின் உபரித் தண்ணீர், ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி., கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு வர வேண்டும். அந்தத் தண்ணீர் தானாக வருவதில்லை. ஆறு நீரேற்று நிலையங்கள் கரண்டைக் கொண்டு அதை மேட்டுக்கு ஏற்றுகின்றன. கரண்டைக் கொண்டு பூமியைக் காய வைத்தோம். இப்போது கரண்டைக் கொண்டே அதை நனைக்கப் பார்க்கிறோம்!

குளம் நிரம்பட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் குளத்துத் தண்ணீர் பூமிக்குள் இறங்கும். இறங்கிய தண்ணீரை யார் எடுப்பது? குளத்தோரத்தில் ஆழப் போர் வைத்திருப்பவரா? லாரியில் ஏற்றி விற்பவரா? அல்லது காலனிக் கிணறும் 2 ஏக்கர்க்காரர் கிணறுமா? இதை இப்போதே கேட்காவிட்டால் பழைய கதை புதிய தண்ணீரில் நடக்கும்.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். நம் குளத்துக்கு இந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் வந்தது? வரத்து வாய்க்காலைத் தூர் வாரினார்களா? குளத்தைச் சுற்றி எத்தனை போர், எத்தனை அடி ஆழம்? கணக்கைப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். குடிதண்ணீருக்கு முதல் இடம், சிறு விவசாயிக்கு அடுத்த இடம் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். கூலிக்காரருக்கு நிலம் இல்லாமல் இருக்கலாம். கிராம சபையில் அவருக்கும் ஓட்டு உண்டு. தண்ணீரைப் பற்றிப் பேச அவருக்கும் உரிமை உண்டு.

கோரிக்கை வென்ற நாளில் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், அந்த வெற்றியைப் பலசாலி எடுத்துக்கொள்வான். வென்ற நாளிலிருந்துதான் காவல் வேலை ஆரம்பம். அந்தக் காவலுக்கு இந்தக் கூட்டத்திலிருந்தே ஆள் புறப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.