சுவாமிமலைத் தூண்



திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் திரியும் பாதையால் கோணேசர் கோயிலுக்கு ஏறாதவர் உங்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். லிங்கநகரில் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை வழக்கமே அதுதான். கோயில் நிற்கும் அந்தச் சுவாமிமலையில் ஒல்லாந்த மொழி எழுத்துப் பொறித்த கற்றூண் ஒன்று உண்டு. மிட்ரெக்ட் பிரபு குடும்பத்துப் பெண் பிரான்சினா வான் றீட் நினைவாக, 1687 ஏப்ரல் 24ஆம் திகதி நாட்டியது என்பதே அதிலுள்ள செய்தி.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரான்சினா ஓர் ஒல்லாந்த அதிகாரியை விரும்பினாளாம். அவன் கைவிட்டுக் கப்பலேறினானாம். கப்பல் மலையடியால் போகையில் இவள் உச்சியிலிருந்து குதித்தாளாம். வெள்ளைக்காரர் அந்த இடத்துக்கு ‘லவர்ஸ் லீப்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் பிரான்சினா சாகவில்லை! அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தாள். தூணிலும் மரணம் என்ற பேச்சே இல்லை. பின்னே எதற்காக இந்தத் தூண்?

தகப்பனைப் பார்த்தால் விளங்கும். ஹென்ட்ரிக் அட்றியான் வான் றீட் அவளை வளர்த்த தகப்பன். 1670களில் மலபார் கொமாண்டராக இருந்தவர். மலபாரின் மூலிகைகளைப் பற்றி, இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களின் அறிவைக் கொண்டு, ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற 12 பாக நூலை வெளியிட்டவரும் அவரே. வைத்தியரின் அறிவு நூலாகியது. பெயர் கொமாண்டருக்குப் போனது. அது அந்தக் காலத்து வழக்கம்.

1684இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்கு வேறொரு பொறுப்புக் கொடுத்தது. கம்பெனி ஆட்கள் தனிவியாபாரம் செய்து பணம் சுருட்டுவதைப் பிடிக்க, சகல அதிகாரத்தோடும் வந்த விசேட ஆணையாளர் அவர். தென்னாபிரிக்காவின் கேப்பில் இறங்கிக் கணக்குப் பார்த்தார். இலங்கை, வங்காளம், சோழமண்டலக் கரை என்று தொடர்ந்து வந்தார். பழவேற்காட்டிலிருந்த கம்பெனித் தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறியதிலும் அவர் கை உண்டு. அவர் வருகிறார் என்றால் எந்தத் துறைமுகத்து அதிகாரிக்கும் வயிறு கலங்காமல் இருந்திருக்காது.

கேப்பில் புதிதாகக் குடியேறிய பள்ளத்தாக்கு ஒன்றுக்கு அவருடைய பட்டப்பெயரால் ‘டிறாக்கென்ஸ்டைன்’ என்று பெயர் சூட்டியதும் இதே 1687இல்தான். அங்கே தகப்பன் பெயரில் ஒரு குடியேற்றம், இங்கே மகள் பெயரில் ஒரு தூண். கணக்குப் பார்க்க வந்த பெரிய துரையைக் குளிரவைக்க உள்ளூர் அதிகாரிகள் செய்த காரியம் இது என்பது என் ஊகம். காதலைவிட உத்தியோகப் பயம்தான் கல் நாட்டியிருக்கும்.

இன்னொரு விசயமும் உண்டு. அந்தத் தூண் பழைய கோணேசர் கோயிலின் தூண் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1624இல் கோட்டையை அந்தக் கற்களாலேயே கட்டினார்கள்; தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுக்குத் தூண் தேடி அலையவேண்டிய தேவை இருந்திராது. சோகக் காதலைக் கேட்டு உருகி நிற்பவர், இந்தக் கல் முதலில் எங்கே நின்றது என்று கேட்க மறந்துபோகிறார். எனக்கு அந்தக் கதையில் உள்ள பெரிய குறை அதுதான்.

வான் றீட் 1691இல் சூரத்துக்குப் போகும் வழியில் கடலிலேயே இறந்தார். சூரத்தில் அவருக்குக் கட்டிய கல்லறை ஒரு சிறு மாளிகைபோல இருக்கும். இங்கே எங்கள் கோயில் திரும்பி வர இன்னும் நெடுநாள் எடுத்தது. 1950இல் கிணறு வெட்டும்போது பழைய வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் சுழியோடிப் பழைய கோயிலின் கற்களைக் கண்டார்கள். 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. செதுக்கிய தூண்கள் பல இன்றும் சுவாமிமலைக்குக் கீழே தண்ணீருக்குள்தான் கிடக்கின்றன.